தொடையில் ஒன்று, கணுக்காலுக்கு மேல் ஒன்று

மார்ச் 4, செவ்வாய்

காரின் தரை இன்றைக்கும் சுட்டது. காலை டிரைவிங் பாடங்கள் முடிவதற்குள் உள்ளங்கால் இரண்டும் காந்தத் தொடங்கிவிட்டன. மதியம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். இஞ்சின் சூடு உள்ளே இறங்குகிறது, என் பக்கத்துப் பெடலுக்குக் கீழே பாருங்கள் என்றேன். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"மேடம், ஜில்லுனு இருக்கு. சூடு காருக்கு இல்ல, உங்களுக்குத்தான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை வருட வாடிக்கைக்கு ஒரு ரப்பர் மேட்டாவது போட்டுக் கொடுங்கள் என்றேன். போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம், என்னிடம் கார் ஓட்டப் பழகுகிற பல் டாக்டர். நாலு சாலை கூடும் இடத்தில் இண்டிகேட்டர் போடச் சொன்னேன், வைப்பரைப் போட்டார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பின்னால் ஹாரன் காதைப் பிய்க்கிறது. ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், வாயடைத்துப்போய் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், மூச்சு விடுங்க. மூச்சு விடறதுக்குக் கிளட்ச் வேண்டாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா நாற்காலியில், ஈரத் துண்டின் மேல் கால்களை வைத்துக்கொண்டு. மின்விசிறி முழு வேகத்தில், பாதத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறது. நேற்றிரவும் போர்வை காலில் பட்டதும் உதறி எழுந்துவிட்டாராம். துணி உரசினால் முள் இழுப்பது போல இருக்கிறதாம்.

என் கணவருடைய அக்கா. எனக்கும் அக்கா என்றே பழகிவிட்டது. வங்கிக் கேஷியராக ஓய்வு பெற்ற கையோடு எங்களிடம் வந்து தங்கினார். அடுத்த இரண்டு வருடத்தில் என் கணவர் இறந்துபோனார். இப்போது மூன்று அறை வீட்டில் நாங்கள் இருவர். அக்கா என்னை டிரைவரம்மா என்கிறார். நான் கேஷியரம்மா என்கிறேன். மற்றபடி பேச்சு குறைவுதான்.


மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் போன் செய்தார். அக்கா சமையலறை ஜன்னலருகே நின்று பேசியது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அங்கே நின்றாரோ?

"வர்றேன்டா. ஆஸ்பத்திரியில ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு. அது முடியட்டும், வந்துடறேன். ஆமா, மொத்தமாத்தான்."

மொத்தமாக.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி கூப்பிடறான். நீயும்தான் எத்தனை நாளைக்கு? நாள் பூரா ரோட்டுல கத்திட்டு வர்ற. வந்தா இங்க ஒருத்தி காலைத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கா."

"உங்க இஷ்டம்க்கா. சரி" என்றேன்.

ஏன் சரி என்றேன்? போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேனா? அவருடைய சொந்தத் தம்பி கூப்பிடுகிறார். நான் தம்பி பெண்டாட்டி. அந்தத் தம்பியும் இல்லை.


மார்ச் 12, புதன்

அக்காவைச் சர்க்கரை நோய்ப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலில் சின்னச் சின்ன மின்சாரம் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு வந்திருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

அக்கா முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நான் சும்மா சொல்றேன்னு அர்த்தமா டாக்டர்?"

டாக்டர் சின்ன வயசுப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இல்லம்மா. அந்த டெஸ்ட்ல தடிமனான நரம்பு மட்டும்தான் தெரியும். எரிச்சல், சூடு, வலி எல்லாம் சொல்றது ரொம்ப மெல்லிசான நரம்பு. தோலுக்குள்ளயே முடியற நரம்பு. அதைப் பாக்கணும்னா தோலைத்தான் கொஞ்சம் எடுத்துப் பாக்கணும். அதுக்குப் பேர் ஸ்கின் பயாப்ஸி."

பயாப்ஸி என்றதும் அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அது புத்துநோய்க்கில்ல பண்ணுவாங்க?"

"இதுக்கும் பண்ணுவோம். பென்சில் முனையில ரப்பர் இருக்குமே, அதைவிடச் சின்ன வட்டம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்போம். தையல்கூடக் கிடையாது."

இது ஒரு ஆராய்ச்சியாம். சர்க்கரை உள்ளவர்களின் தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயசையொட்டி ஆரோக்கியமானவர்களும் தேவைப்படுகிறார்கள். ஆள் கிடைப்பது கஷ்டமாம். உடம்பு நன்றாக இருக்கிறவன் எவன் தோலைக் கொடுக்க வருவான்?

அக்கா உடனே என்னைக் காட்டினார். "இவ இருக்காளே, குத்துக்கல்லாட்டம். ஒரு தலைவலி மாத்திரை போட்டு நான் பாத்ததில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். மறுத்தால் நன்றாக இருக்காது. தவிர, உண்மையைச் சொல்லவா? ஆரோக்கியமானவர் என்று ஒரு டாக்டர் என்னை எழுதிக்கொள்வது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. காலில் எரிச்சல், மரத்துப்போவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.


மார்ச் 20, வியாழன்

முடிந்தது.

ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டில்களில் எங்களைப் படுக்க வைத்தார்கள். இடையில் ஒரு திரை. அக்கா அந்தப் பக்கத்திலிருந்து, "ஏய், இருக்கியா?" என்றார். "இருக்கேன்க்கா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இருக்கியா?" நர்ஸ் சிரித்துவிட்டுத் திரையைத் தள்ளிவிட்டார். அதன் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

இரண்டு இடத்தில் எடுத்தார்கள். தொடையின் மேல்பக்கத்தில் ஒன்று, வெளிக் கணுக்காலுக்கு அரைச் சாண் மேலே இன்னொன்று. நரம்பு முதலில் நுனியில்தான் பட்டுப்போகுமாம். அதனால் கீழேயும் மேலேயும் எடுத்து ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று தெரியும். ஊசி போட்டது மட்டும்தான் எறும்புக்கடி. பிறகு டாக்டர் ஒரு சின்ன வட்டக் கத்தியை வைத்துத் திருகியது அழுத்தமாகத் தெரிந்தது, வலிக்கவில்லை. எடுத்ததைக் குட்டிப் பாட்டிலில் திரவத்துக்குள் போட்டபோது எட்டிப் பார்த்தேன். ஒரு மிளகளவு. அதற்குள் என்னத்தைப் பார்ப்பார்கள்?

பாட்டிலில் பெயர் கிடையாது, எண் மட்டும். நரம்பை எண்ணுகிறவருக்கு இது யாருடைய தோல் என்று தெரியக் கூடாதாம்.

ஆட்டோவில் வரும்போது அக்கா, "எனக்கு அது எடுத்ததுகூடத் தெரியல. கணுக்கால்ல ஊசி போட்டாங்களா இல்லையா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது.


மார்ச் 21, வெள்ளி

தொடையில் பிளாஸ்டரோடு கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. அக்கா சொல்கிறார். லீவு.


மார்ச் 24, திங்கள்

பிளாஸ்டர் மாற்றினோம். அக்காவால் குனிந்து தன் கணுக்காலைப் பார்க்க முடியாது, நான் மாற்றினேன். என்னுடையதை நானே மாற்றிக்கொள்ள முடியும். ஆனாலும் அக்கா, "காட்டு" என்றார். காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது மாதிரி உற்றுப் பார்த்தார். "நல்லா ஆறுது" என்று பஞ்சால் மெல்ல ஒற்றினார்.

ஒரே வீட்டில் நாலு வருடம் இருந்திருக்கிறோம். என்னை அவர் தொட்டது இது இரண்டாவது தடவை என்று நினைக்கிறேன். முதல் தடவை, என் கணவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று.


ஏப்ரல் 2, புதன்

அக்கா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். மாதக் கடைசி ஞாயிறு கொழுந்தன் காரோடு வருகிறார். புடவைகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒரு அடுக்கு அவருக்கு, ஒரு அடுக்கு எனக்கு. "நான் புடவை கட்டிட்டுக் கார் ஓட்டினா லைசென்ஸை வாங்கி வச்சிடுவாங்கக்கா" என்றேன். சிரிக்கவில்லை.

பல் டாக்டர் இன்று ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தவில்லை. சிவப்பு விளக்கிலும்.


ஏப்ரல் 17, வியாழன்

எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையில் முதலில் ஒரு படம். வேறு யாரோ, நல்ல ஆரோக்கியமானவர். தோலின் மேல் விளிம்பை நோக்கி மெல்லிய இழைகள் கிளம்பி ஏறுகின்றன, பாத்தியில் நாற்று முளைத்து நிற்பது போல. "இதுதான் அந்த நரம்பு. விளிம்பைத் தாண்டி ஏறுற இழையை ஒவ்வொண்ணா எண்ணுவோம்" என்றார்.

அடுத்தது அக்காவுடையது. தொடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கணுக்காலில் அனேகமாக ஒன்றும் இல்லை. அங்கங்கே அறுந்த நூல் மாதிரி, மணி மணியாக.

அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். "பாத்தியா? நான் ஒண்ணும் கற்பனை பண்ணல" என்றார். குரலில் ஒரு நிம்மதி. பழைய டாக்டர் ஒருவர் இதையெல்லாம் வயசுக் கோளாறு, மனசை வேறு எதிலாவது திருப்புங்கள் என்று சொன்னதை நான்கூட மறந்துவிட்டேன். அக்கா மறக்கவே இல்லை. எரிச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். முழுக்கப் போகாது, ஆனால் தூங்கலாமாம்.

நான் எழுந்துவிட்டேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க சாம்பிளை இரண்டு தடவை எண்ணினோம். ஆரோக்கியமானவங்க வரிசையில இப்படி வரவும், நம்பர் மாறிப்போச்சோன்னு பாத்தோம். மாறல." திரையில் இன்னொரு படம் வந்தது. "தொடையில கொஞ்சம் குறைவு. கணுக்கால்ல நல்லாவே குறைஞ்சிருக்கு. உங்களுக்குக் கால் எரிச்சல் இல்லைன்னு சொன்னீங்க, இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கார்தான் சுடும்" என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"ஒரு வருஷமா. தரை சுடும். மெக்கானிக்கிட்டகூடக் காட்டினேன்..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா என் முழங்காலில் கையை வைத்தார்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது, குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். செவ்வாய் வரச் சொன்னார். ஆரோக்கியமானவர் வரிசையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.


ஏப்ரல் 18, வெள்ளி

எனக்கு எதுக்கு? நான் என்ன பண்ணேன்? இனிப்பைக் கண்டா ஓடறவ. டீக்குச் சர்க்கரைகூடப் போடறதில்ல. அக்காவுக்கு வேண்டாம்னு வீட்டுலயே வாங்கறதில்ல.

என் சோறே கால்லதான இருக்கு. பக்கத்துல உக்காந்து பழகறவன் தப்புப் பண்ணா, என் கால்தான் பிரேக்ல போய் நிக்கணும். அந்தக் கால் பொய் சொன்னா? ஒரு பிள்ளை குறுக்க ஓடி வந்தா?

டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் சொல்லணுமா? சொன்னா நாளைக்கே வேற ஆள் பாப்பார். சொல்லாம இருந்தா — அது இன்னும் மோசம்.

அவர் இருந்திருந்தா, "வண்டி ஓடற வரைக்கும் ஓடட்டும்"னு சொல்லிச் சிரிச்சிருப்பார். அவருக்கு எல்லாமே சிரிப்பு.

சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே படுத்துவிட்டேன். அக்கா கதவைத் தட்டாமல் வந்தார். கையில் ஒரு தாம்பாளம், அதில் நனைத்துப் பிழிந்த துண்டு. கட்டில் ஓரத்தில் விரித்தார்.

"உனக்கும் ஒண்ணு நனைச்சேன். வை காலை."

வைத்தேன். அக்கா மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். பிறகு தன் காலையும் அதே துண்டில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது.


ஏப்ரல் 22, செவ்வாய்

குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க முடியவில்லை, அவ்வளவு திகட்டல். காத்திருந்த நேரம் முழுக்க அக்கா பக்கத்திலேயே இருந்து, வங்கியில் ஒருவர் செத்துப்போன மாமனார் கையெழுத்தைப் போட்டுப் பணம் எடுக்க வந்து, "மாமா வெளிய நிக்கறார்" என்று சொன்ன கதையைச் சொன்னார். குடித்ததை வெளியே கொண்டுவந்துவிடுவேனோ என்று சிரித்தேன்.

முடிவு: சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை. வாசலுக்கு வந்துவிட்டது. சிலருக்கு இந்த நிலையிலேயே மெல்லிய நரம்புகள் பட்டுப்போகத் தொடங்கிவிடுமாம்.

"ஒரு விதத்துல அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். "இவங்களுக்குத் துணையா வந்ததால இப்பவே தெரிஞ்சுது. எடையைக் குறைச்சு, தினம் நடந்து, சாப்பாட்டை மாத்தினா, இந்த நரம்பு திரும்ப முளைக்கக்கூட வாய்ப்பிருக்கு. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு முளைச்சுப் பாத்திருக்கோம்."

முளைக்கும் என்ற வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.


ஏப்ரல் 23, புதன்

இன்று தனியாகப் போய்க் கேட்டேன். ஓட்டலாமா, கூடாதா?

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிக் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒன்றுகூடத் தவறவில்லை. இசைக்கருவிக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு இரும்புக் கவையைத் தட்டி எலும்பில் வைத்தார். அதிர்ந்தது தெரிந்தது. காலால் அவர் கையை அழுத்தச் சொன்னார். "அம்மாடி" என்று கையை உதறினார்.

"பெடலை எவ்வளவு அமுத்தறோம்னு சொல்றது தடிமனான நரம்பு. அது உங்களுக்கு நல்லா இருக்கு. ஓட்டுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. செருப்பில்லாம மட்டும் எங்கயும் நடக்காதீங்க."

"இப்போதைக்கு ஓட்டலாம், அப்படித்தானே?"

"எனக்கும் இப்போதைக்குத்தான் ஓட்டலாம்" என்றார் டாக்டர்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "உங்களைவிட நம்ம வண்டிக்குத்தான் வியாதி அதிகம்" என்றார்.


ஏப்ரல் 27, ஞாயிறு

கொழுந்தன் வந்தார். பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. அக்கா வீட்டுப் புடவையிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலையாக்கா?"

"இல்லடா."

"ஏன், உடம்பு முடியலையா?"

"என் உடம்பு எப்பவும் போலத்தான். இவளுக்குத்தான் கால் நரம்பு போக ஆரம்பிச்சிருக்கு. சர்க்கரை எட்டிப் பாக்குது. இவளுக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது. எதைத் திங்கணும், எதைத் திங்கக் கூடாது, கால்ல எங்க பாக்கணும், ஒண்ணும் தெரியாது. நான் பதினஞ்சு வருஷ சர்வீஸ்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க? உங்களுக்குச் சிரமம்னா கூச்சப்படாம சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் புடவை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. போன மாதமும் இந்த மனுஷி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்றுதான் பார்த்திருக்கிறார்.

"தம்பி, அந்தப் பெட்டியையெல்லாம் உள்ள வச்சிடுங்க" என்றேன். "எனக்கு அக்கா வேணும்."

கொழுந்தன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு, "கல்லு கட்டி வச்சிருக்கியாக்கா?" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.


மே 5, திங்கள்

நடை தொடங்கிவிட்டது. காலையில் பூங்காவில். எனக்குத் துணையாக அக்காவும் வருகிறார். நான் கற்றுக்கொடுக்கிறவள் என்பதால் யாராவது எனக்குக் கற்றுக்கொடுத்தால் பொறுக்காது. அக்காவோ விடுவதாக இல்லை. "வேகமா நட. பேசிட்டு நடக்காத. அங்க என்ன பலகாரக் கடையப் பாக்கற?"

கடை மூடியிருந்தது. பலகையைத்தான் படித்தேன்.


ஜூன் 1, ஞாயிறு

பல் டாக்டருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது! டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் ஒரு பெட்டி கேக். எனக்கு மட்டும் தனியாக ஒரு பல் துலக்கும் பிரஷ். கேக்கை மோந்து பார்த்துவிட்டு வந்தேன் என்று அக்காவிடம் சொன்னேன். "மோந்ததுக்கும் சேத்து நாளைக்கு ஒரு சுத்து" என்றார். அவர் சொல்வதில் எது வேடிக்கை, எது கட்டளை என்று பிரிக்க முடிவதில்லை.

அக்கா இப்போது தூங்குகிறார். மாத்திரை கேட்கிறது.


ஜூலை 14, திங்கள்

தினமும் சாயங்காலம் ஒருவர் காலை ஒருவர் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். நேற்று நான் களைத்துப்போய்ப் படுத்துவிட்டேன். இன்று அக்காவின் வலது காலைத் தூக்கி மடியில் வைத்தேன். பெருவிரலுக்குக் கீழே காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தால் கொப்புளம் உடைந்து, சதை சிவந்து, ஓரத்தில் சீழ்.

"என்னடி?" என்றார் அக்கா. "ஏன் இப்படிப் பாக்கற?"

வலிக்கலையா என்று கேட்கக்கூட முடியவில்லை. வலித்திருந்தால் நடந்திருப்பாரா? காலணிக்குள் சின்னக் கல் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்னோடு பூங்காவை எத்தனை சுற்றுச் சுற்றினாரோ. ஒரு சுற்று அதிகம் போகலாம் என்று நான்தான் இழுத்தேன்.

உடனே ஆஸ்பத்திரி. சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். எலும்பு வரைக்கும் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆறுகிற வரைக்கும் அந்தக் காலை ஊன்றக் கூடாது.

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். அக்கா என் தலையில் குட்டினார். "உன்னாலதான் கிடைச்சுது. நான் தனியா இருந்திருந்தா யாரு பாத்திருப்பா? அங்க தம்பி என் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டிருப்பானா?"


ஜூலை 19, சனி

அக்கா இல்லாமல் நடக்கப் போக மாட்டேன் என்றேன். சண்டை. கடைசியில் ஒரு ஏற்பாடு: நான் அக்காவைக் காரில் பூங்கா வாசல் வரை கொண்டுபோய், பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார வைத்து, ஜன்னலை இறக்கிவிட்டு நடக்கிறேன். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கை ஆட்டுகிறார். வேகம் போதாது என்று தோன்றினால் முன்னால் எட்டி ஹாரனை அடிக்கிறார். பூங்காவே திரும்பிப் பார்க்கிறது.


செப்டம்பர் 3, புதன்

புண் முழுக்க ஆறிவிட்டது. இன்று கட்டில்லாத காலைப் பார்த்துவிட்டு நர்ஸ், "யாரு பாத்துக்கறா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.


நவம்பர் 20, வியாழன்

கால் எரிச்சல் இருக்கத்தான் இருக்கிறது. சில நாள் குறைவு, சில நாள் அதே. எடை இறங்கியிருக்கிறது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். கார் இப்போதும் சுடுகிறது என்று, விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் வேடிக்கைக்குச் சொன்னேன். பயந்துபோய் ஓடி வந்தார் பாவம்.


ஏப்ரல் 9, வியாழன்

ஒரு வருடம் ஆகிவிட்டதால் போன மாதம் மறுபடி தோல் எடுத்தார்கள், பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே. இன்று முடிவு.

அக்காவுக்குப் போன தடவை இருந்தபடியே இருக்கிறது. குறையவில்லை. பதினைந்து வருடச் சர்க்கரைக்கு, குறையாமல் நிற்பதே நல்ல சேதி என்றார் டாக்டர்.

எனக்குக் கணுக்காலில் அதே நிலை. கூடவில்லை, குறையவும் இல்லை. பிறகு தொடையின் படத்தைப் போட்டார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டாக்டர் சொல்வதற்கு முன்னால் அக்கா எழுந்து திரையருகே போய், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலை வைத்து எண்ணத் தொடங்கிவிட்டார். உதடு அசைகிறது. டாக்டர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

"கூடியிருக்கு" என்றார் அக்கா, திரும்பாமலேயே.

"ஆமாம்மா, கூடியிருக்கு. பெரிசா இல்ல. ஆனா கூடியிருக்கு. கணுக்காலுக்கு இன்னும் நாள் ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

அக்காவுக்குக் கடைசி வாக்கியம் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. எனக்கு விழுந்தது. விழுந்தாலும் பரவாயில்லை போலிருந்தது.


ஏப்ரல் 26, ஞாயிறு

இருவருக்கும் நடைக்குப் புதுக் காலணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். கடைப்பெண், "யாருக்கு மேடம்?" என்று கேட்டாள்.

"இவங்களுக்கு" என்றேன் நான். "இவளுக்கு" என்றார் அக்கா. இரண்டும் ஒன்றாக வந்தன. அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருவரையும் உட்கார வைத்தாள்.

அக்கா எதைப் போட்டாலும் நன்றாக இருக்கிறது என்றார். அவர் கால் சொல்லாது, எனக்குத் தெரியும். முன்பக்கத்தை அழுத்தி விரலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே தடவி, மூன்று ஜோடியைத் தள்ளி நாலாவதை எடுத்தேன். எனக்கு முதல் ஜோடியே பொருந்தியது. எழுந்து நடந்து பார்த்தேன். "நல்லா இருக்குக்கா, இதையே கட்டச் சொல்லிடலாம்."

"கழட்டு" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, இடது காலணிக்குள் கையை விட்டுத் துழாவினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வலது. நுனிவரை போய், நின்று, மெல்லத் திரும்பி வந்தது கை. கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பின்னால் பிள்ளைகள் அழுகின்றன, அந்தப் பெண் பெட்டியோடு காத்திருக்கிறாள். அக்காவுக்கு அவசரமே இல்லை.

"உள்ள ஒரு தையல் தூக்கிட்டு நிக்குது" என்று கண்ணைத் திறந்தார். "வேற ஜோடி எடுத்துட்டு வாம்மா."